பழகுவதற்கு எடுத்த நாற்காலி

முதலில் "ங்" என்று ஓர் ஒலி, வெண்கலக் கும்பாவில் நகம் பட்டதுபோல. அதன் பின்னாலேயே மூச்சை விட்டு அடங்குகிற மாதிரி நீளமாக ஒரு முனகல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம் அடுக்களையில் நின்றபடி அதைக் கேட்டேன். முன்னறையில் ஏதோ வாத்தியம் இருக்கிறது, யாரோ அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே ஒலி மறுபடியும், இந்தத் தடவை சுருதி சற்றுத் தாழ்ந்து. எட்டிப் பார்த்தால் வாத்தியம் ஒன்றும் இல்லை. ஜன்னலோரமாக இரண்டு ஸ்பிரிங் நாற்காலிகள், ஒன்றில் என் கணவரின் அக்கா எமிலி பாக்கியம், மற்றதில் என் கணவர் அருமைநாயகம், நடுவில் முக்காலி, அதன்மேல் இரண்டு காப்பித் தம்ளர். எனக்கு அவர்கள் மதினி. மாமனார் மாமியார் முன்பே போய்விட்ட வீட்டில் மதினிதான் எல்லாம். கல்யாணம் வேண்டாம் என்றார்களா, அமையவில்லையா, எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது, கேட்கக்கூடிய முகம் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, சேலைகூட மாற்றாமல், அந்த ஒலியோடு நாற்காலியில் இறங்குவார்கள்; பாளையங்கோட்டையில் அதற்கப்புறம்தான் பொழுது சாயும். துரைசானி ஒருத்தி சீமைக்குத் திரும்பியபோது மாமனார் ஏலத்தில் எடுத்த நாற்காலிகளாம். இப்போது இரண்டும் என்னுடையவை. மதினி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே ஒருநாள், யாரும் கேட்காமலே, "ரெண்டு சேரும் எப்சிக்கு. அவதான தொடச்சா," என்று சொல்லிவிட்டார்கள். எப்சி என்பது எப்சிபாவாகிய நான். அதில் இருந்தது பாசமா, குத்தலா என்று நான் வெகுநாள் யோசித்தேன். தொடச்சா. உக்காந்தா என்று சொல்லவில்லை. உட்காராதே என்றும் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த இரண்டில் ஒன்று இப்போது நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு என் முன்னால் கவிழ்ந்து கிடக்கிறது, கரப்பான்பூச்சி மாதிரி. மாதிரி என்று நினைத்த உடனே மதினிக்கு இந்த உவமை பிடிக்காது என்றும் தோன்றிவிடுகிறது. பிடிக்காமல் போகட்டும், எனக்கு நேரமில்லை. சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். வலது கையும் வலது காலும் இன்னும் அரைமனதாகத்தான் அவர் பேச்சைக் கேட்கின்றன, நாக்கும் மெதுவாகத்தான் புரள்கிறது, ஆனால் எல்லாம் புரிகிறது, எல்லாமே. பயிற்சி கொடுக்க வருகிற பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், பகலில் படுக்கவே விடக்கூடாது, படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், உட்கார வேண்டும், கை வைத்த மர நாற்காலி, கெட்டியான இருக்கை, முழங்கால் உயரம். பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது, வழுக்கும், பிடித்து எழும்பினால் கை வளையும். அப்படி இந்த வீட்டில் இருப்பவை இந்த இரண்டும்தான், இரண்டின் இருக்கையும் தொய்ந்து, கிழிந்து, மதினியுடையதில் ஸ்பிரிங் ஒன்று மேலேயே வந்துவிட்டது, தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். சோபா தைக்கிற கடையில் கேட்டேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம், பண்டிகைக்கு முன்னால் திரும்பி வராதாம். நாற்காலி வாசலைத் தாண்டிப் போவதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வாசல் வழியாக வெளியே போனது போதும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மறுவாரம் மதினி போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கு எழுப்பப் போனேன், எழும்பவில்லை. அவரிடம் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் ஏறினால் இன்னொரு தடவை வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டர். என் மகன் ஆல்வினும் பொறுப்போம் என்றான். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சின்ன வேலை.

நேற்று மதினியுடையதைத்தான் முதலில் பிரித்தேன், பழகுவதற்கு. அவர் உட்காரப்போகிற நாற்காலி ஒழுங்காக வர வேண்டும், தப்பையெல்லாம் வேறொன்றில் செய்து தீர்த்துவிட வேண்டும், மதினியுடையதில் இனி யார் உட்காரப்போகிறார்கள் என்று நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்த வயது வரைக்கும் நான் சுத்தியலைப் பிடித்ததே காலண்டர் மாட்டுவதற்குத்தான். போனில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு பட்டாணி உரிப்பதுபோல ஆணிகளை எடுத்தாள். எனக்கு ஒவ்வொரு ஆணியும் ஒரு மாமியார். திருப்புளியின் நுனியை அடியில் கொடுத்து நெம்பி, குறட்டால் பிடித்து இழுத்தால் தலை மட்டும் வரும், உடம்பு உள்ளேயே தங்கிவிடும். பழைய துணியைக் கிழிக்காமல் எடுங்கள், அதுதான் புதுத் துணிக்கு அளவு என்று அவள் சொன்னது, நான் கிழித்துக் குப்பையில் போட்டபின் ஞாபகம் வந்தது. துணிக்குக் கீழே இன்னொரு துணி, அரக்கு நிறம். அதற்கும் கீழே பச்சையில் பூப்போட்டது, அது துரைசானி காலத்ததாக இருக்கும். பிறகு கோணி. கோணிக்குக் கீழே தேங்காய் நார், இறுகி அடை மாதிரி ஒரே துண்டாக வந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். தட்டையாக இல்லை. வலது பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம். உள்ளே ஸ்பிரிங்குகளும் அப்படியே, வலது பக்கத்தவை வாங்கின அன்று நின்ற மாதிரி நிற்கின்றன, இடது பக்கத்தவை நசுங்கித் தலையைச் சாய்த்துக் கிடக்கின்றன. நான் நினைத்திருந்தது வேறு. மதினி என்றால் நிமிர்ந்த முதுகு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட முதுகு, ஜெபத்தில்கூடத் தலை மட்டும்தான் குனியும். இவ்வளவு காலமும் அந்த முதுகுக்குக் கீழே உடம்பு ஒரு பக்கமாக ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இடது பக்கம் ஜன்னலா? இல்லை, ஜன்னல் முதுகுக்குப் பின்னால். இடது பக்கம் முக்காலி. முக்காலிக்கு அந்தப் பக்கம் அவர்.

இன்று காலை அவருடையதைக் கவிழ்ப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுச் செண்பகத்தைக் கூப்பிட்டேன். நாடாக் கட்டிலில் இருந்து அவிழ்த்த நல்ல நாடா அவள் வீட்டில் சுருட்டிக் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங்குகளைத் தாங்குகிற அடிப்பின்னலுக்கு அது போதும். வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்று, என்னக்கா, சேருக்கு ஆபரேஷனா, குடலை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருக்கீங்களே, திருப்பி வைக்கத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். டாக்டர்மாரும் அப்படித்தான், தெரியாதுன்னு சொல்லாமலே செய்யுறாங்க என்றாள். அவள் நாடாவை இழுத்துப் பிடிக்க நான் அடித்தேன், குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னுகிற மாதிரி. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, ஆல்வின் ஒரு மாதம் போகட்டும் என்கிறான், அதுவரைக்கும் மதினி நாகர்கோவிலில் கூட வேலைபார்த்த டீச்சர் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்போகிறோம் என்றேன். செண்பகம் நாடாவைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். அவள் மாமியார் இறந்ததைப் படுக்கையில் கிடந்த மாமனாரிடம் அவர்களும் மறைத்தார்களாம். முதலில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்களாம், பிறகு கோயில் கொடைக்கு, பிறகு குற்றாலத்துக்கு. "பொய் சொல்லிச் சொல்லி எங்க மாமியா காசி வரைக்கும் போயிட்டு வந்துட்டாக்கா," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், அவள் நாடாவை விட்டுவிட்டாள், மறுபடி இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்துக்கொண்டே, அதே குரலில் சொன்னாள். "கடேசி வரைக்கும் அவர் அவள வைஞ்சுக்கிட்டேதான் செத்தாரு. நான் கெடக்கேன், இவ ஊரு சுத்துதாளேன்னு." அப்புறம் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

வைஞ்சுக்கிட்டேதான். ஆணி அடிக்கும்போது மனசு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் விடாது, சுத்தியல் அதற்குத் தாளம் போடும். கல்லூரியில் தமிழ் படித்தவளுக்கு இது ஒரு வியாதி, எந்தத் தட்டலும் அசையாகப் பிரிந்துவிடும், தேமா தேமா புளிமா, பெரிய ஆணிக்குக் கூவிளம். புதுத் துணி வாங்கப் போகவில்லை, வீட்டில் இருந்த பவானி ஜமுக்காளத்தைத்தான் வெட்டினேன், கெட்டி, நிறம் போகாது, சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டைக் கோடுகள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு விரித்துவந்த ஜமுக்காளம், எலி கடித்தது போக மிஞ்சிய துண்டு. பாஸ்டர் ஐயாவுக்கு என் கணவருடைய நாற்காலி, பக்கத்தில் மதினிக்கு மதினியுடையது, மற்றவர்கள் எல்லாரும் கீழே, நான் அடுக்களை வாசலுக்குப் பக்கமாக, காப்பி கொண்டுவர வசதியாக. நீண்ட ஜெபங்களில் ஒரு நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலால் போவேன், அது ஓரத்தில் குஞ்சத்தில் முடியும், திரும்பி இன்னொன்றில் வருவேன், கடவுளிடம் நான் கேட்டவற்றில் பாதி அந்தக் கோடுகளில்தான் கிடக்கும். மதினியுடையதில் துணியை ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்துவிட்டு மறுபக்கம் இழுத்தேன், கோடுகள் எல்லாம் காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி சாய்ந்துவிட்டன. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வோர் ஆணி அடித்துவிட்டு மூலைகளைப் பார்த்துப் போக வேண்டுமாம். அதுவும் அப்புறம்தான் தெரிந்தது. பரவாயில்லை, அது பழகுவதற்கு. துணி தாராளமாக வைத்து வெட்டியதால் கோணலாக இருந்தாலும் கெட்டியாக வந்துவிட்டது, கையால் அமுக்கினால் திருப்பி அமுக்குகிறது. துணி போடுவதற்கு முன்பே, நசுங்கின ஸ்பிரிங்குகளை இழுத்து, நிமிர்ந்தவற்றோடு சணலால் கட்டி, மேடு பள்ளம் இல்லாமல் ஆக்கியிருந்தேன். கட்டும்போது ஒரு நிமிஷம் கை நின்றது. அவ்வளவு காலம் சாய்ந்ததை ஒரு சணல் கயிற்றில் நிமிர்த்துகிறேனே என்று. பிறகு கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் தினமும் கேட்பார், அக்கா சாப்பிட்டாளா. முதலில் கேட்கிற கேள்வி அதுதான், நான் சாப்பிட்டேனா என்பது பிறகு, சில நாள் அதுவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது, ஆனால் பழைய வருத்தம், தேய்ந்துபோன படிக்கல் மாதிரி காலுக்குப் பழகிவிட்டது. அடக்க ஆராதனை முடிந்த மறுநாள் போனேன். குளித்து, நல்ல சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கண்ணாடியில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன், கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எந்தக் குரலில். அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காப்பி சூடாக இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கு அக்கா சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. மறுநாள் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்கிறான் ஆல்வின், மூளையில் அடிபட்டால் அப்படித்தான் ஆகும், நல்லதுக்குத்தான் என்கிறான். மறந்தவர் மதினியின் கண்ணாடிக் கூடு என் பையில் இருந்ததைப் பார்த்ததும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அல்லது திருப்பவில்லையோ, நர்ஸ் வந்தாளோ. அதையே எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் நர்ஸ் சில தடவை வருகிறாள், சில தடவை வருவதில்லை. தெரிந்திருந்தால், தெரிந்துகொண்டு தனியாகப் படுத்திருக்கிறார். தெரியாவிட்டால், செண்பகத்தின் மாமனார் மாதிரி ஒருநாள், நான் கிடக்கிறேன், இவள் நாகர்கோவிலில் இருக்கிறாளே என்று அக்காவை வைய ஆரம்பிப்பார். சொன்னால், சொன்ன வாய் மூடுவதற்குள் வாய் கோணி விழுந்துவிட்டால். மூன்று வாசல், மூன்றிலும் போய்ப் போய்த் திரும்புகிறேன். கையில் சுத்தியல் இருப்பதால் கொஞ்சம் தேவலை, அதற்கு ஒரே வாசல்.

அவருடைய நாற்காலியின் நாரைத் தூக்கியபோது நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வலது பக்கம் பள்ளம். மதினியுடையது இடது, இவருடையது வலது, நடுவில் முக்காலி. தினமும் சாயங்காலம், காப்பி ஆறும் வரைக்கும், ஆறின பிறகும். என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், அடுக்களையில் எல்லாம் கேட்கும், மழை வருமா, தண்ணீர் வந்ததா, இன்னார் மகளுக்கு எங்கே வேலை, பாதி நேரம் பேச்சே இல்லை. பேச்சில்லாமல் இரண்டு பேர் ஒருவர் பக்கமாக ஒருவர் இரும்பை நசுக்கும் அளவுக்குச் சாய்ந்திருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் துடைத்தவள் மேலே மட்டும்தான் துடைத்திருக்கிறேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்த ஒரு பையனையும், அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்த ஒரு பெண்ணையும்தான் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஆல்வின் போன் பண்ணினான், டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், கார் சொல்லியாயிற்று என்று. அத்தை சேரை உள்ளே போட்டுப் போர்வையால் மூடிவிடுங்கள், முதல் நாளே அவர் கண்ணில் பட வேண்டாம் என்றான். சரி என்றேன். முன்னறையில் அது கோணல் கோடுகளோடு சுவரோரம் நின்றது. இவருடையது முடிந்ததும் உள்ளே தூக்கிப் போடலாம் என்று இருந்தேன்.

இவருடையதில் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். மீதி ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, இருக்கையின் நீள அகலத்தை இஞ்சு டேப்பால் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கோடுகள் நேராக ஓடும்படி, ஒரு நூல் வீணாகாமல் வெட்டினேன். அவருக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று புது நார் வாங்கி வைத்திருந்தேன், அதைப் பிரித்துப் பிரித்து மெத்தென்று உயர்த்தி அடுக்கினேன். துணியை மேலே போட்டேன். நான்கு பக்கமும் எட்டவில்லை. முன்னால் இழுத்தால் பின்னால் நார் தெரிகிறது, பின்னால் இழுத்தால் முன்னால். தட்டையாகக் கிடந்தபோது அளந்ததை மேடாக்கி மூடப் பார்த்திருக்கிறேன், மடக்கி ஆணி அடிக்கவும் இடம் விடவில்லை. பழைய துணியைக் கிழிக்காமல் வைத்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். நாரைக் குறைத்துப் பார்த்தேன், ஸ்பிரிங் உறுத்தியது. ஜமுக்காளத்தில் மீதி இருந்தது குஞ்சம் மட்டும். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை இல்லை, பதற்றமும் இல்லை, வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் நகர்த்திக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் சிலேட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஒரு பார்வை. வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆல்வின் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமுமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உடம்பு சட்டைக்குள் சிறுத்திருந்தது, முகச்சவரம் செய்து விட்டிருந்தார்கள், நெற்றியில் வியர்வை. படி ஏறியதிலேயே மூச்சு வாங்கியது. ஆல்வின் முன்னறையைப் பார்த்தான், வாயைத் திறந்துகொண்டு கிடந்த அப்பாவின் நாற்காலியைப் பார்த்தான், சுவரோரம் நின்றதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உள்ள போடச் சொன்னேன்லாம்மா," என்றான், குரலைத் தாழ்த்தி. கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திருப்பினான். அவர் திரும்பவில்லை. நல்ல காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மதினியின் நாற்காலியையே பார்த்தார், அந்தக் கோணல் கோடுகளை, புதுத் துணியை. அதில் மதினியைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை, மதினி இருக்கும்வரை அதைப் பிரித்துத் தைக்க யாருக்கும் தைரியமும் இருந்ததில்லை, இது இந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆல்வின் அவசரமாக, அத்தை நாகர்கோவில் போயிருக்காங்கப்பா, ரிப்பேருக்குப் பிரிச்சோம் என்று ஆரம்பித்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. நர்ஸ் வரவில்லை, அன்றைக்கும் வந்திருக்கமாட்டாள். நான் போய் அவருடைய வலது கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். "இதுல உக்காருங்க. உங்களுக்கு இப்ப இதுதான் இருக்கு," என்றேன். ஆல்வின் அம்மா என்றான். அவர் மெதுவாக இறங்கினார், ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, பழக்கத்தில் வலது பக்கமாகச் சாய்ந்தார், அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது, நான் போய் நடுவில் நின்றேன். இருக்கை தாங்கியது. மூச்சு அடங்கும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் நாக்கைத் திரட்டி, ஒரே ஒரு சொல் கேட்டார்.

"எப்போ?"

நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன மறுவாரம், திங்கட்கிழமை மத்தியானம், தூக்கத்திலேயே என்று சொன்னேன். உங்கம்மாவுக்கு இடது பக்கத்தில் இடம் இருந்தது, அங்கேதான் அடக்கம் பண்ணியிருக்கிறது.